பாலஸ்தீனத்துச் சமாதானத் தூதுகள்

(சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் இலக்கியத்தைப் பற்றியோ இசையைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இம்முறை உலக விவகாரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலிருந்து நம் குடியிருப்பில் நாலு பேர் கூடும் இடங்களிலெல்லாம் காஸாவைப் பற்றிய பேச்சு எழுந்து வந்திருக்கின்றது. சிலர் ஒரு பக்கம் நிற்கின்றனர். சிலர் மறுபக்கம் நிற்கின்றனர். நெடுநாளைய நண்பர்கள்கூடச் சில நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததுண்டு. ஆயினும் வாதம் ஓய்கின்ற வேளையில் இரு சாராரும் ஒன்றில் மட்டும் ஒத்துப் போகின்றனர். "எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேசித்தான் பார்த்தார்கள், என்ன பயன்?" என்பதே அது.

இந்த ஒற்றுமைதான் நமக்குக் கவலை தருகின்றது. பேச்சினால் பயனில்லை என்று முடிவு கட்டிவிட்டால் எஞ்சுவது படைக்கலம் ஒன்றே அன்றோ? ஆதலின் அவர்கள் பேசியது என்ன, அது எங்கே வென்றது, எங்கே தோற்றது, ஏன் தோற்றது என்று இன்று சற்றே ஆராய்வோம். தூது என்பது தமிழருக்குப் புதிய பொருளன்று. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூற்றில் கற்றிருக்கின்றோம்.

முதலில் 1947ஆம் ஆண்டுக்குச் செல்வோம். பாலஸ்தீனத்தை ஆண்டுவந்த ஆங்கிலேயர் தம்மால் இனி இயலாது என்று அப்பொறுப்பை ஐக்கிய நாடுகள் சபையிடம் ஒப்படைத்தனர். பதினொரு நாடுகள் கொண்ட விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. அதில் இந்தியாவும் இடம் பெற்றிருந்தது. நாட்டை யூதருக்கு ஒன்றும் அராபியருக்கு ஒன்றுமாக இரண்டு அரசுகளாகப் பிரித்து, ஜெரூசலம் நகரைச் சர்வதேச ஆட்சியில் வைக்க வேண்டும் என்று பெரும்பான்மையோர் கூறினர். இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா ஆகிய மூன்று நாடுகள் மட்டும் இரு இனத்தாரும் சேர்ந்து வாழும் ஒரே கூட்டாட்சி வேண்டும் என்று கூறின. அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள் பொதுச் சபையில் பிரிவினைத் தீர்மானம் 33க்கு 13 என்னும் வாக்குகளால் நிறைவேறியது. 10 நாடுகள் நடுநிலை வகித்தன. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. தன் மண்ணிலேயே பிரிவினையின் குருதி உலராத காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

யூதத் தலைவர்கள் அத்தீர்மானத்தை ஏற்றனர். அராபியத் தலைவர்கள் மறுத்தனர். 1948 மே மாதத்தில் இஸ்ரேல் பிறந்தது. மறுநாளே அண்டை அராபிய நாடுகளின் படைகள் புகுந்தன. அப்போர்க் காலத்தில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர் வீடு வாசல் இழந்து அகதிகள் ஆயினர். வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவர்கள், சில நாளில் திரும்பலாம் என்று நம்பிப் போனவர்கள் அவர்களுள் பலர். அச்சாவிகளை இன்றும் பேரப்பிள்ளைகள் போற்றி வைத்திருக்கின்றனர். மறுபக்கத்தில், ஐரோப்பாவில் 60 லட்சம் யூதர் கொல்லப்பட்டு மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. இனி நமக்கென ஓர் இடம் இல்லையேல் உயிரில்லை என்னும் அச்சம் அவர்கள் எலும்பில் ஊறியிருந்தது. இவ்விரண்டு துயரங்களையும் ஒருசேர உணராதவர் இந்த வழக்கைப் புரிந்துகொள்ள இயலாது.

இவ்வழக்கில் முதல் தூதுவராகச் சென்றவர் ஸ்வீடன் நாட்டுப் பிரபுவாகிய போல்க் பெர்னடாட். 1948 செப்டம்பரில் ஜெரூசலம் வீதியில் யூதத் தீவிரவாதிகள் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவருடைய பணியைத் தொடர்ந்தவர் அமெரிக்கக் கறுப்பினத்தவரான ரால்ப் பன்ச். அவர் ரோட்ஸ் என்னும் தீவில் ஒரு விடுதியில் இரு தரத்தாரையும் தங்க வைத்துப் பல வாரங்கள் பொறுமையாகப் பேசினார். 1949ஆம் ஆண்டில் எகிப்து, லெபனான், ஜோர்டான், சிரியா ஆகிய நான்கு நாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக இஸ்ரேலுடன் போர் ஓய்வு உடன்படிக்கை செய்துகொண்டன. அடுத்த ஆண்டு பன்ச்சுக்கு நோபல் சமாதானப் பரிசு கிட்டியது. அவர் அதற்கு முற்றும் உரியவரே.

ஆனால் அங்கே நடந்ததைக் கூர்ந்து நோக்குக. போர் நின்றது, வழக்குத் தீரவில்லை. தேசப்படத்தில் பச்சை மையினால் வரைந்த அந்தக் கோடு நாட்டின் எல்லை அன்று, படைகள் நிற்கும் இடமே என்று அவ்வுடன்படிக்கைகளே கூறின. அகதிகள் என்னாவது? ஜெரூசலம் யாருடையது? எல்லை எது? இவையெல்லாம் "பிறகு பார்ப்போம்" என்று ஒத்திவைக்கப்பட்டன. அந்தப் "பிறகு" என்னும் சொல்லே நம் சொற்பொழிவின் மையம்.

1956ஆம் ஆண்டில் சூயஸ் போர் மூண்டது. அது ஓய்ந்தபின் ஐக்கிய நாடுகளின் அமைதிப் படை எகிப்து எல்லையிலும் காஸாவிலும் நிறுத்தப்பட்டது. அதில் இந்தியப் படையினர் பெரும் பங்கு வகித்தனர். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அந்த எல்லை பெரும்பாலும் அமைதியாக இருந்தது. அப்பத்தாண்டுகளில் வழக்கைத் தீர்க்கப் பெருமுயற்சி எதுவும் நடந்ததா என்றால், இல்லை. காவற்காரன் இருக்கின்றான் என்று வீட்டார் கதவைப் பழுது பார்க்காமல் விட்டது போலாயிற்று. 1967 மே மாதத்தில் எகிப்து அப்படையை வெளியேறச் சொன்னது. ஜூன் 5ஆம் நாள் போர் தொடங்கியது. வெளியேறி முடியாத நிலையில் அகப்பட்ட இந்திய வீரர்கள் சிலர் காஸா மண்ணில் உயிர் நீத்தனர். அவர்கள் பிறர் சண்டைக்கிடையே நின்று மாண்டவர்கள். நம் வணக்கத்துக்கு உரியவர்கள்.

அந்த ஆறு நாள் போரில் மேற்குக் கரை, கிழக்கு ஜெரூசலம், காஸா, சினாய், கோலான் குன்றுகள் ஆகியவற்றை இஸ்ரேல் கைப்பற்றியது. அவ்வாண்டு நவம்பர் 22ஆம் நாள் பாதுகாப்புச் சபை புகழ்பெற்ற 242ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. பிடித்த நிலத்தை விடுவது, ஒவ்வொரு நாடும் அச்சமின்றி வாழும் உரிமையை ஏற்பது என்னும் இரண்டையும் இணைத்தது அத்தீர்மானம். பின்னர் எழுந்த எல்லாப் பேச்சுகளுக்கும் அதுவே அடிப்படை.

அதில் ஒரு வேடிக்கை உண்டு, வேதனையான வேடிக்கை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் 'தி' என்று ஒரு சிறு சொல் இடுவர். தமிழில் அத்தகைய சொல் இன்மையால், அதை எங்கே இடுவது, எங்கே விடுவது என்று நம் பிள்ளைகள் தேர்வுகளில் தடுமாறுவதை அறிவீர்கள். 242ஆம் தீர்மானத்தின் ஆங்கில வடிவில், படைகள் வெளியேற வேண்டிய 'பகுதிகள்' என்னும் சொல்லுக்கு முன் அச்சிறு சொல் இடப்படவில்லை. பிரெஞ்சு வடிவில் அதற்கு இணையான சொல் இருந்தது. "எல்லாப் பகுதிகளிலிருந்தும் என்று சொல்லவில்லையே" என்றது ஒரு தரப்பு. "எல்லாப் பகுதிகளும்தான்" என்றது மறு தரப்பு. இச்சொல் தவறுதலாக விடுபட்டதன்று. தெரிந்தே விடப்பட்டது. அவ்வாறு விட்டதனால்தான் பதினைந்து கைகளும் உயர்ந்தன.

அன்று பாதுகாப்புச் சபையில் இந்தியாவின் சார்பில் அமர்ந்திருந்தவர் ஒரு தமிழர். சென்னையில் பிறந்த ஜி. பார்த்தசாரதி அவர்கள்; என். கோபாலசாமி ஐயங்காரின் புதல்வர். வாக்களிக்கும் முன் அவர் எழுந்து, போரில் பிடித்த பகுதிகள் அனைத்திலிருந்தும் வெளியேறுவது என்றே இந்தியா இத்தீர்மானத்தைப் பொருள் கொள்கின்றது என்று, 'அனைத்தும்' என்பதை வற்புறுத்தி, அவைக் குறிப்பில் ஏறும்படி கூறினார். பொருளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். ஆனால் ஒரு நாடு தன் பொருளைச் சொல்வதனால் தீர்மானத்தின் பொருள் தெளிந்துவிடாது அன்றோ? கசப்பான வினாவை மீண்டும் "பிறகு" என்னும் பெட்டிக்குள் வைத்தார்கள்.

இனி, இராஜதந்திரம் வென்ற இடத்தைக் காண்போம். 1973ஆம் ஆண்டுப் போருக்குப் பின், 1977 நவம்பரில் எகிப்தின் ஜனாதிபதி அன்வர் சாதாத் தாமே ஜெரூசலம் சென்று இஸ்ரேல் பாராளுமன்றத்தில் பேசினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், சாதாத்தையும் இஸ்ரேல் பிரதம மந்திரி பெகினையும் காம்ப் டேவிட் என்னும் மலை வாசஸ்தலத்துக்கு அழைத்தார். பதின்மூன்று நாள்கள் பேச்சு நடந்தது. தொடக்க நாள்களிலேயே வாக்குவாதம் முற்றியதால் இருவரையும் நேருக்கு நேர் அமர வைக்க இயலாமற் போயிற்று. கார்ட்டரே ஒரு குடிலிலிருந்து மறு குடிலுக்கு நடந்தார். கடைசி நாளில் எல்லாம் முறியும் நிலை வந்தது. அப்போது கார்ட்டர், மூவரும் இருக்கும் நிழற்படங்களில் பெகினுடைய பேரக் குழந்தைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக் கையொப்பமிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்பெயர்களை வாசித்த முதியவரின் கண்கள் கலங்கின. பேச்சு மீண்டும் தொடர்ந்தது.

அங்கே இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின என்பதைப் பலர் மறந்துவிட்டனர். ஒன்று எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையிலானது. மற்றொன்று பாலஸ்தீனரைப் பற்றியது. இடம் ஒன்றே, நாள் ஒன்றே, கையொப்பமிட்டவர்களும் அவர்களே. முதல் ஒப்பந்தம் வென்றது. இரண்டாவது காகிதத்தோடு நின்றது. ஏன்?

முதல் ஒப்பந்தத்தில் எல்லை எது என்று கோடு கிழித்திருந்தது. படை எப்போது எவ்வளவு தூரம் விலகும் என்று நாள் குறித்திருந்தது. சினாயில் இருந்த யூதக் குடியேற்றங்கள் நீங்கும் என்பது தீர்மானமாயிற்று. 1979 மார்ச்சில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. 1982 ஏப்ரலுக்குள் இஸ்ரேல் வெளியேறியது. எஞ்சியிருந்த தாபா என்னும் சிறு கடற்கரைத் துண்டைப் பற்றிய பிணக்கையும் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோய்த் தீர்த்துக்கொண்டனர். 1989இல் அது எகிப்துக்குத் திரும்பியது. இடையில் 1981இல் சாதாத் தம் நாட்டுத் தீவிரவாதிகளாலேயே கொல்லப்பட்டார். அவர் இறந்தும் ஒப்பந்தம் இறக்கவில்லை. ஆனால் இரண்டாவது ஒப்பந்தமோ, பாலஸ்தீனருக்கு ஐந்தாண்டுத் தன்னாட்சி, முடிவான நிலை பின்னர் என்று கூறியது. பாலஸ்தீனர் எவரும் அங்கே அழைக்கப்படவும் இல்லை. கோடும் இல்லை, நாளும் இல்லை, உரியவரும் இல்லை.

அடுத்து ஆஸ்லோ. 1991 அக்டோபரில் மாட்ரிட் நகரில் வெளிப்படையான மாநாடு கூடியது. அது மெல்ல நகர்ந்துகொண்டிருக்கையில், 1993 ஜனவரி முதல் நார்வே நாட்டில் இரகசியமாக வேறொரு பேச்சு நடந்தது. இரண்டு இஸ்ரேலியப் பேராசிரியர்களும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் அகமது குரேயும் ஒரு பண்ணை மாளிகையில் சந்தித்துத் தொடங்கியது அது. செப்டம்பர் 9ஆம் நாள் ஒருவரை ஒருவர் ஏற்கும் கடிதங்கள் கைமாறின. 13ஆம் நாள் வாஷிங்டனில் யாசர் அராபத்தும் யிட்சாக் ராபினும் கை குலுக்கினர். அக்காட்சியைத் தொலைக்காட்சியில் கண்ட முதியோர் இச்சபையில் இருப்பீர்கள். அது பொய்யான மகிழ்ச்சி அன்று. ஒருவர் இருப்பதையே ஒப்பாதவர்கள் அன்று ஒருவரையொருவர் பெயர் சொல்லி ஏற்றனர்.

ஆயினும் ஜெரூசலம், அகதிகள், குடியேற்றங்கள், பாதுகாப்பு, எல்லை என்னும் ஐந்தும் ஐந்தாண்டு இடைக்காலத்தின் இறுதிக்குள் பேசப்படும் என்று ஒத்திவைக்கப்பட்டன. சிறு விஷயங்களில் நம்பிக்கை வளர்ந்தால் பெரிய விஷயங்கள் எளிதாகும் என்பது தூதுவர்களின் எண்ணம். அந்த இடைக்காலத்தை யார் பயன்படுத்தினர்? 1994 பிப்ரவரியில் ஹெப்ரானில் தொழுதுகொண்டிருந்த பாலஸ்தீனர் 29 பேரை யூதக் குடியேறி ஒருவன் சுட்டுக் கொன்றான். ஹமாஸ் இயக்கத்தினர் பேருந்துகளில் குண்டு வைத்து இஸ்ரேலியரைக் கொன்றனர். 1995 நவம்பர் 4ஆம் நாள் ராபினை ஓர் யூத இளைஞனே சுட்டு வீழ்த்தினான். கிழக்கு ஜெரூசலம் நீங்கலாக மேற்குக் கரையில் 1993இல் சுமார் 1,10,000ஆக இருந்த யூதக் குடியேறிகளின் தொகை 2000இல் 1,90,000ஐக் கடந்தது. வளரும் என்று எதிர்பார்த்த நம்பிக்கை வளரவில்லை. நெருப்பு வைக்க நினைத்தவர்களுக்கு ஏழாண்டு அவகாசம் கிடைத்தது.

இங்கே நம்மை நாமே மறுத்து ஒரு வினா எழுப்ப வேண்டும். கடினமானதை முதலில் பேசினால் எதுவுமே நடவாது என்பர் சிலர். 2000 ஜூலையில் அதே காம்ப் டேவிட்டில் கிளின்டன் முன்னிலையில் அராபத்தும் பாராக்கும் அந்த ஐந்தையும் பேசத்தானே செய்தனர்? தோற்றனர் அன்றோ? உண்மைதான். ஆனால் ஏழாண்டுகள் மூடி வைத்த கணக்கை இரண்டே வாரத்தில் தீர்க்க முயன்றனர். அதற்குள் இரு மக்களுடைய நம்பிக்கையும் தேய்ந்திருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கிளின்டன் முன்வைத்த வரைவும், 2001 ஜனவரியில் தாபாவில் நடந்த பேச்சும் விடைக்கு மிக அருகில் வந்தன என்று பலர் கருதுகின்றனர். ஆனால் 2000 செப்டம்பரிலேயே கிளர்ச்சி மூண்டுவிட்டது. இஸ்ரேலில் தேர்தலும் நெருங்கிவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் 1,000க்கு மேற்பட்ட இஸ்ரேலியரும் 3,000க்கு மேற்பட்ட பாலஸ்தீனரும் மாண்டனர். விடைகள் இல்லாமற் போகவில்லை. காலம் கடந்து வந்தன.

அதன்பின் நடந்தவற்றை விரைந்து சொல்வோம். 2002இல் அராபிய நாடுகள் பெய்ரூட்டில் கூடி, 1967ஆம் ஆண்டு எல்லைக்கு இஸ்ரேல் திரும்பினால் அனைவரும் உறவு கொள்வோம் என்றன. 2003இல் நால்வர் குழு வரைந்த வழிப்படம் 2005க்குள் பாலஸ்தீன அரசு என்றது. 2005இல் இஸ்ரேல் எவருடனும் உடன்பாடு செய்யாமலே காஸாவை விட்டு வெளியேறியது. 2007இல் காஸா ஹமாஸின் கைக்குச் சென்றது, முற்றுகை தொடர்ந்தது. 2020இல் ஐக்கிய அரபு அமீரகமும் பஹ்ரைனும் இஸ்ரேலுடன் உறவு பூண்டன. பாலஸ்தீனரின் வழக்கு அங்கே மேசைக்கு வரவில்லை. அதை ஓரத்தில் வைத்துவிட்டு வாழ்ந்துவிடலாம் என்று உலகம் எண்ணத் தொடங்கியது.

2023 அக்டோபர் 7ஆம் நாள் அவ்வெண்ணம் தகர்ந்தது. ஹமாஸின் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர்; 251 பேர் பிணையாகக் கொண்டு செல்லப்பட்டனர். தொடர்ந்த போரில் காஸாவில் மாண்டோர் 60,000க்கு மேல் என்று அங்குள்ள சுகாதாரத் துறை கணக்கிட்டது. அவர்களுள் குழந்தைகள் பல்லாயிரவர். 2025 செப்டம்பரில் பொதுச் சபையில் இரண்டு அரசுகள் வேண்டும் என்னும் பிரகடனத்தை 142 நாடுகள் ஆதரித்தன, இந்தியாவும் ஆதரித்தது. அம்மாதமே பிரான்சும் பிரிட்டனும் பாலஸ்தீன அரசை ஏற்றன. இந்தியா 1988லேயே ஏற்றிருந்தது. அக்டோபரில் எகிப்து, கத்தார், துருக்கி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் தூதினால் போர் நிறுத்தம் ஏற்பட்டது. உயிரோடிருந்த பிணையாளிகள் 20 பேரும் வீடு திரும்பினர். நவம்பர் 17ஆம் நாள் பாதுகாப்புச் சபை 2803ஆம் தீர்மானத்தின் வாயிலாக அமெரிக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் பாலஸ்தீன அரசைப் பற்றிய பேச்சு உண்டு. ஆனால் சீர்திருத்தமும் புனரமைப்பும் நடந்தால் அதற்கு வழி பிறக்கக்கூடும் என்ற அளவில் நின்றது. கோடும் குறிக்கவில்லை; நாளும் குறிக்கவில்லை. இத்தனை நேரம் கேட்ட நீங்கள் அச்சொற்களின் எடையை நன்கு அறிவீர்கள்.

அன்பர்களே! பேசிப் பயனில்லை என்பது சரியன்று. எகிப்துடன் செய்த சமாதானம் நாற்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்து, அண்டையில் எரிந்த காஸாப் போரையும் தாங்கியது. 1994இல் ஜோர்டானுடன் செய்த சமாதானமும் அவ்வாறே தாங்கியது. எல்லையும் நாளும் எழுதி, காவலுக்கு ஆளும் வைத்த இடத்தில் பேச்சு வென்றிருக்கின்றது. உரியவரை வெளியே நிறுத்தி, கடினமானதைப் "பிறகு" என்று ஒதுக்கிய இடத்திலெல்லாம் தோற்றிருக்கின்றது. குறை பேச்சில் இல்லை. பேசாமல் விட்டதில் இருக்கின்றது.

இதற்கு நாம் என் செய்ய இயலும் என்று கேட்கலாம். காஸாவின் எல்லையை நம் குடியிருப்பிலிருந்து வரைய இயலாதுதான். ஆனால் மாலையில் மரத்தடியில் வாதிடும்போது, நமக்குப் பிடித்த பக்கத்தின் பிணங்களை மட்டும் எண்ணாமல் இரண்டையும் எண்ணலாம். நம் பிள்ளைகள் கேட்டால் வெறுப்பைச் சொல்லாமல் வரலாற்றைச் சொல்லலாம். பன்ச்சையும் கார்ட்டரையும் பற்றி அவர்களுக்குக் கதை சொல்லலாம். தூது போய் உயிர் துறந்த பெர்னடாட்டையும், சமாதானம் செய்ததற்காகத் தம்மவராலேயே கொல்லப்பட்ட சாதாத்தையும் ராபினையும் பற்றிச் சொல்லலாம். காஸாவில் காவல் நின்று மாண்ட நம் சிப்பாய்களையும் நினைவூட்டலாம். சில நாள் முகம் கொடுக்காமல் இருந்த அந்த நண்பர்கள் இருவரும் இன்று இதே அவையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கக் காண்கின்றோம். அதுவே நமக்குப் பெரும் மகிழ்ச்சி.